மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா

நீல மருந்து பாட்டிலின் மூடி கைக்கு மசியவில்லை. அவள் பல்லால் கடித்துத் திறந்து, மீன் தொட்டியின் மேல் கவிழ்க்கப் போன நேரத்தில் கட்டிலிலிருந்து புருஷனின் குரல் வந்தது.

“கண்ணாடி! நில்லு, ஊத்தாத.”

அவள் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். கல்யாணமான புதிதில் அவர் விளையாட்டாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே ஒட்டிக்கொண்டது. இனிமேல் அவர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்றுதான் அவள் நினைப்பாள்.

“தூங்குறீங்கன்னு நெனச்சேன்.”

“நீ மூடியைக் கடிச்ச சத்தத்துக்கு செத்தவன்கூட எந்திரிச்சு ஒக்காந்துருவான்.”

“காலங்காத்தால உங்க வாயில நல்ல வார்த்தையே வராது.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதி வழியில் மூச்சிரைப்பாக மாறியது. அது அடங்கும்வரை அவள் பாட்டிலும் கையுமாக நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கட்டிலைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றச் சொன்னவர் அவர்தான். காற்று வரும் என்று நர்ஸிடம் காரணம் சொன்னார். காற்றாவது மண்ணாவது, எல்லாம் இந்தத் தொட்டிக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருட்டுக் கூண்டுகளில் தொங்கிக் கிடந்த மனிதர், வேலையை விட்ட கையோடு வெளிச்சமாக ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று வாங்கிப் போட்டது அது. நாலு பேர் வீட்டில் மீன் வளர்ப்பார்கள். இவர் கடல் மீன்தான் வளர்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

தொட்டியில் இரண்டு குட்டி ஆரஞ்சு மீன்களும் ஓர் இறாலும் கொஞ்சம் நத்தைகளும் இருந்தன. ஆனால் வீட்டில் எல்லோரும் விசாரிப்பது உள்ளங்கை அகலத்தில் இருந்த மஞ்சள் மீனைத்தான். எப்போது பார்த்தாலும் பளிச்சென்று உடுத்திக்கொண்டு திரியும். கிளிப்பில் மாட்டிய காய்ந்த கடற்பாசியைத் தவிர வேறெதையும் சீந்தாது. கொடுக்க நேரமானால் கண்ணாடிக்குள் நின்று முறைக்கும். அந்த முறுக்கைப் பார்த்துத்தான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வந்தது. காலையில் அவர் கேட்கும் முதல் கேள்வியே, “மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?” என்பதுதான்.

மாப்பிள்ளை சாப்பிட்டு நாளாயிற்று. பாறைக்குப் பின்னால் போய் மூலையில் சாய்ந்து நின்றது. நிறம் வெளுத்து, செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இது ஆரம்பமாகிவிட்டது. அவள் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போனில் அவருடைய அக்காவிடம், “மாப்பிள்ளை மூலையில போய் ஒக்காந்துக்கிட்டாரு அண்ணி, ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கிறாரு” என்று புலம்பி, அண்ணி, “பொண்ணு வீட்டுல என்னடி தகராறு?” என்று பதறி, அதற்குள் டாக்டர் வந்துவிட்டதால் அவள் விளக்காமலே போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு மீனைப் பற்றிய கவலைதான். அவளுக்கு அவரைப் பற்றி. டாக்டர் அவளை மட்டும் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இதயம் களைத்துவிட்டது, இனி வீட்டில் அவர் விருப்பப்படி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். போவதற்குள் அந்தப் பாழாய்ப்போன மீன் ஒரு வாய் சாப்பிடுவதை இந்த மனிதர் பார்த்துவிட வேண்டும். மீன் கடைக்காரர் விஷயத்தைக் கேட்ட மாத்திரத்தில் வெள்ளைப் புள்ளி நோய் என்று தீர்ப்புச் சொல்லி நீல மருந்தைக் கொடுத்தனுப்பியதும், ஓடி வந்து மூடியைக் கடித்தது அதனால்தான்.

“அந்த மருந்துல தாமிரம் இருக்கு. மீனு தாங்கும். இறாலும் நத்தையும் தாங்காது, செத்துரும். தனியா ஒரு தொட்டியில வச்சுத்தான் குடுக்கணும்” என்றார் அவர். “மொதல்ல நோவு என்னன்னு பாக்காம மருந்தை ஊத்தலாமா? டார்ச்சை எடு.”

அவள் மருந்தை மூடி ஜன்னலில் வைத்துவிட்டு, டார்ச்சையும் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள்.

“நேரா அடிக்காத, மிரளும். பக்கத்துல இருந்து அடி. ஒடம்புல உப்பு தூவின மாதிரி புள்ளி தெரியுதா?”

“இல்ல.”

“நல்லாப் பாரு. ஊரு கண்ணையெல்லாம் பாக்குறவ நீ.”

“பாத்துட்டுதான் சொல்றேன். வெளுத்திருக்கு, அவ்வளவுதான். புள்ளி இல்ல.”

“பொடிப்பொடியா, தங்கத்தூள் மாதிரி?”

“தங்கம் இருந்தா நான் விட்டு வைப்பேனா?”

அவர் கூரையைப் பார்த்தபடி உதட்டைக் குவித்தார். பழுதான லிஃப்ட்டின் முன் நின்று யோசிக்கும்போது இப்படித்தான் குவிப்பார் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். வீட்டில் மிக்ஸி ஓடாதபோது அவளே பார்த்திருக்கிறாள்.

“நத்தை என்ன பண்ணுது?”

“மூடிக்கிட்டு கெடக்கு.”

“எல்லாமா?”

அவள் டார்ச்சை நகர்த்தினாள். “எல்லாமேதான். இறாலும் ஒரு ஓரமா ஒடுங்கிக் கெடக்கு.”

“அப்ப புள்ளி நோயும் இல்ல, ஒரு நோயும் இல்ல. அது மீனுக்கு வர்றது. நத்தைக்கு வராது. எல்லாத்துக்கும் ஒண்ணா முடியலைன்னா தண்ணியிலதான் கோளாறு. உப்பு அளவு பாத்தியா?”

“தெனமும் அந்தக் கருவியில பாக்குறேன். முள்ளு பச்சைக் கோட்டுலயேதான் நிக்குது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையல.”

“அசையவே இல்லியா?”

“ஒரு நூலிழைகூட இல்ல.” சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது.

“ஒரு ஸ்பூன் தண்ணி எடுத்துட்டு வா.”

பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவள் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் மொண்டு, சிந்தாமல் இன்னொரு கையை அடியில் பிடித்தபடி கொண்டுபோனாள். அவர் ஸ்பூனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அப்புறம், அவள் தடுப்பதற்குள், வாயில் விட்டுக்கொண்டார்.

“ஐயையோ! மீன் கழுவின தண்ணிங்க அது! துப்புங்க!”

அவர் துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை மெதுவாகச் சுழற்றினார். ஒரு வருஷமாக உப்பில்லாப் பத்தியம் இருந்த நாக்கு. முகத்தில் அப்படியொரு நிம்மதி வந்து உட்கார்ந்தது.

“கரிக்குதுடி” என்றார். “என்னமாக் கரிக்குது!”

“கடல் தண்ணின்னா கரிக்காம இனிக்குமா?”

“எனக்கு இந்தத் தண்ணியத் தெரியாதா? அளவுக்கு மேல கரிக்குது. அந்த முள்ளை வெந்நீர்ல போட்டுக் கழுவி மறுபடி பாரு. ஆடாத முள்ளுக்கு உசிரு இல்ல.”

அவள் கழுவினாள். உப்பு அளக்கும் கருவியில், முள்ளின் அடியில் காய்ந்த உப்பு கல்லாய் இறுகி, அதைப் பிடித்து வைத்திருந்தது. உப்பு கரைந்ததும் முள் விடுபட்டது. தொட்டித் தண்ணீரை ஊற்றியதும் எகிறிப் போய்ச் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே வந்து காட்டினாள்.

“நான் ஆஸ்பத்திரியில இருக்கும்போது தண்ணி கொறைஞ்சா ஊத்தச் சொன்னேன்ல?”

“ஊத்தினேனே. ஒரு நாள்கூட விடாம ஊத்தினேன்.”

“எந்தத் தண்ணி?”

“உப்புத் தண்ணிதான். பக்கெட்டுல நீங்க கலக்குறதை எத்தன வாட்டி பாத்திருக்கேன்! கடல் மீனாச்சே, வெறும் தண்ணி ஊத்தினா செத்துருமேன்னு நல்லா கை நெறைய அள்ளிப் போட்டு...” அவள் நிறுத்தினாள்.

“பழசை எடுத்துட்டுப் புதுசு மாத்தும்போதுதான் உப்பு கலக்கணும். கொறையுற தண்ணிக்கு வெறும் தண்ணிதான். ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தானே? உப்பு எங்க போவும்? உள்ளயேதான் கெடக்கும்.” அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “அடிப்பாவி! எனக்கு ஒரு கல்லு உப்பு போட மாட்டேன்னு ஒரு வருஷமா வாயைக் கட்டி வச்சவ, அவனுக்கு அள்ளி அள்ளிப் போட்டிருக்க!”

அவளுக்கு அழுகை வர வேண்டிய இடம்தான். ஆனால் அவர் சிரிப்பதைப் பார்த்ததும் அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் சிரித்தார்கள். அவர் இருமி, அவள் முதுகைத் தடவி, மறுபடி சிரித்தார்கள். பாறைக்குப் பின்னால் மாப்பிள்ளை ஒன்றும் தெரியாததுபோல் மூலையைப் பார்த்து நின்றது.

“இப்ப என்ன பண்ணணும், சொல்லுங்க. மொத்தத்தையும் மாத்திரவா?”

“அவசரப்படாத. உப்பு ஏறினது மெல்ல ஏறுச்சு. எறங்குறதும் மெல்லத்தான் எறங்கணும். சட்டுனு எறக்கினா அந்த அதிர்ச்சியே ஆளைக் கொன்னுரும். ஒரு டம்ளர் எடு, ஒரு டம்ளர் வெறும் தண்ணி ஊத்து. கொஞ்ச நேரம் விடு. மறுபடி ஒரு டம்ளர். இன்னிக்கே முடிக்கணும்னு இல்ல. நாளைக்கும் ஊத்து. நாளன்னைக்கும் ஊத்து.”

நாளன்னைக்கும் என்று சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளும் டம்ளரைத் தேடுகிறவள்போல் எழுந்துபோனாள்.

கையில் கிடைத்தது அவருடைய டம்ளர்தான். அவருக்குக் குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. அதற்காக அவள் உள்பக்கம் நகப்பூச்சில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அந்தக் கோடு வரைக்கும், குளோரின் போக ஓர் இரவு வைத்திருந்த குழாய்த் தண்ணீரை எடுத்து, தொட்டியின் ஓரமாக, கண்ணாடியில் வழிகிற மாதிரி ஊற்றினாள்.

நர்ஸ் வந்து நாடி பார்த்து, காலை அழுத்திப் பார்த்து, போகும்போது வாசலில் நேற்றுச் சொன்னதையே சொன்னாள். “அவருக்கு என்ன பிடிக்குதோ குடுங்கம்மா. இனிமே பத்தியம் வேண்டாம்.” அவளும் நேற்று ஆட்டியதுபோலவே தலையை ஆட்டினாள். அடுப்பங்கரைக்குப் போனதும் தலையாட்டியது மறந்துபோகும். உப்பு ஜாடியை அவள் மேல்தட்டில், எட்டாத உயரத்தில் ஏற்றி வைத்து ஒரு வருஷமாகிறது. அவருக்குப் போடாத உப்பைத் தனக்கும் போட்டுக்கொண்டதில்லை. அதை இறக்கினால் டாக்டர் சொன்னதற்குச் சரி என்று சொன்னதாகிவிடும். அதற்கு மட்டும் அவளுக்குத் தெம்பில்லாமல் இருந்தது.

ஆனால் அந்த ஒரு ஸ்பூன் தண்ணீரை நாக்கில் வைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடிய முகம் அவளை விடவில்லை. ஒரு முட்டையை வேகப் போட்டுவிட்டு ஸ்டூலில் ஏறினாள். ஜாடிக்குள் உப்பு ஒரே கட்டியாக இறுகியிருந்தது. ஸ்பூன் காம்பால் குத்திக் குத்தி உடைத்தாள்.

“அங்க என்ன சுவத்தை இடிக்கிறியா?” என்று கூடத்திலிருந்து கேட்டார்.

அவள் முட்டையை இரண்டாக அறுத்துத் தட்டில் வைத்துக் கொண்டுபோய், அவர் கண் முன்னாலேயே விரலால் உப்பை எடுத்துத் தூவினாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாய்க்கு வந்துவிட்டது.

“தட்டைத் தள்ளிப் பிடி” என்றார் அவர். “அதுவும் விழுந்தா ரெண்டு உப்பாயிரும்.”

“பேசாம சாப்பிடுங்க.”

அவர் பாதி முட்டையைத்தான் சாப்பிட்டார். அதை அவசரமே இல்லாமல், ஒவ்வொரு துண்டையும் வாயில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மிச்சத்தை அவளுக்கு ஊட்டப் பார்த்தார். அவள் அதெல்லாம் வேண்டாம் என்றாள். கல்யாணமான புதிதில் ஊட்டாதவர் இப்போது என்ன என்று கேட்டாள். அப்புறம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

“எப்படி இருந்துச்சு?”

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றார்.

மத்தியானம் மகளும் மருமகனும் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. அவள் தலையணையை உயர்த்தி வைத்தாள். வெயில் கூடத்தின் பாதி வரை வந்திருந்தது. அவர் தொட்டியைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

“அடுத்த டம்ளரை ஊத்து, கண்ணாடி. மெதுவா.”

அவள் ஒரு டம்ளர் எடுத்துக் கொட்டிவிட்டு, கோடு வரைக்கும் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து ஊற்ற ஆரம்பித்தாள். கண்ணாடியின் உள்பக்கம் ஒரு நத்தை ஓட்டைத் திறந்து ஊர்ந்துகொண்டிருந்தது.

“நத்தை நடக்க ஆரம்பிச்சிருச்சுங்க.”

அவள் கண்ணாடியில் விரல் வைத்து அதைக் காட்டினாள்.

“ஏங்க, நத்தை.”

காலையிலிருந்து அறைக்குள் இருந்த இரைப்புச் சத்தம் இல்லை. தொட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் இருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் திரும்பவில்லை. டம்ளரில் இன்னும் பாதி இருந்தது. மெதுவாக ஊற்றச் சொன்னவர் அவர். கடைசிச் சொட்டு இறங்கும்வரை ஊற்றிவிட்டு, டம்ளரைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

கண்கள் பாதி திறந்து தொட்டிப் பக்கமே இருந்தன. நத்தையைப் பார்த்தாரோ இல்லையோ. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வீங்கிய அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மகள் வந்து சேரும்வரை ஆசை தீர அழுதாள். நல்லபடியாகப் போனார் என்ற நினைப்பும் அந்த அழுகைக்குள்ளேயே இருந்தது. அவரோடு அவள் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். அவருடன் வேலை பார்த்தவர்கள் வந்து, இந்த ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்டவர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஷட்டர் இழுத்துவிட்டு முதலாளி வந்தார். அண்ணி விடியற்காலையிலேயே வந்து தம்பி மேல் விழுந்து அழுதுவிட்டு, அழுத கையோடு, வந்தவர்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று சம்பிரதாயம் பார்க்காமல் அடுப்பங்கரையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையை விடவும் சமையல்தான் கைவந்தது.

வண்டி வருவதற்குச் சற்று முன்பு அவள் எழுந்துபோய் டம்ளரை எடுத்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. குடிக்கத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் தொட்டியருகே போய் நின்று ஊற்றத் தொடங்கியதும் கூடமே வேடிக்கை பார்த்தது.

“ஏம்மா, இன்னிக்குமா அது?” என்றாள் அண்ணி மெல்லிய குரலில். “நாலு பேர் என்ன நெனைப்பாங்க?”

“விடக்கூடாது அண்ணி. உங்க தம்பிதான் சொன்னாரு. மாப்பிள்ளை இன்னும் சாப்பிடல.”

அண்ணியின் முகம் மாறியது. இத்தனை துக்கத்திலும் மருமகனை நினைக்கிறாளே என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குப் போனில் கேட்ட தகராறு இன்னும் தீரவில்லை போலும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. உடனே உள்ளே போய் ஒரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு வந்து, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மருமகன் கையில் திணித்தாள். அவர் பல் டாக்டர். அதிகம் பேசாத மனிதர். அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். “சாப்பிட்டேன் பெரியம்மா” என்றார். “கோபத்தையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க மாப்ள, சாப்பிடுங்க” என்றாள் அண்ணி. எந்தக் கோபம் என்று கேட்க அது இடமல்ல என்று நினைத்து அவர் சாப்பிட்டார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது சாயங்காலமாகியிருந்தது. யாரோ கட்டிலைப் படுக்கையறைக்கே தூக்கிப் போட்டிருந்தார்கள். கூடத்துத் தரையில் அதன் கால்கள் நின்ற இடம் மட்டும் அழுத்தமாகத் தெரிந்தது. அவள் குளித்துவிட்டு வந்து, வாடிப்போன கடற்பாசியை எடுத்துவிட்டுக் கிளிப்பில் புதுத் துண்டு மாட்டினாள். உப்பு அளக்கும் கருவியைக் கழுவிப் பார்த்தாள். முள் லேசாக ஆடி, சிவப்பிலிருந்து இறங்கி, பச்சைக்கு மேலே நின்றது. இன்னும் கொஞ்சம் போக வேண்டும். டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து பாதி ஊற்றியிருப்பாள்.

பாறைக்குப் பின்னாலிருந்து மஞ்சளாக ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அப்புறம் முழு உடம்பும் வெளியே வந்தது. பக்கவாட்டில் திரும்பி அவளை ஒரு முறை முறைத்தது. கிளிப்பைச் சுற்றிக்கொண்டு போய், திரும்பி வந்து, வெடுக்கென்று ஒரு கடி கடித்தது.

அவள் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள்.

“ஏங்க!” என்றாள், கட்டில் இருந்த பக்கம் திரும்பி. “மாப்பிள்ளை சாப்பிடுறாரு!”

அடுப்பங்கரையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “சாப்பிடட்டும், சாப்பிடட்டும்! இன்னும் ஒரு கரண்டி வேணுமான்னு கேளு!”

மாடிப்படியில் மூன்றாவது தட்டை வைத்துக்கொண்டிருந்த மருமகன், “இல்ல பெரியம்மா, சத்தியமா முடியல” என்றார். மகளுக்குத்தான் முதலில் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. புருஷன் தட்டோடு எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். கரண்டியோடு வெளியே வந்த அண்ணிக்கு மகள் தொட்டியைக் காட்டி விளக்க, “அடச்சே! மீனா?” என்றாள் அவள். “நான் வர்ற வழியெல்லாம் சாமியை வேண்டிக்கிட்டு வந்தேன்.” தம்பி செத்த வீடு என்பதை ஒரு நிமிஷம் மறந்து அண்ணியும் சிரித்துவிட்டாள்.

பிறகு ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்து அவளைத் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தாள். “நீ நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல. ஒரு வாய் குடி.”

அவள் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். உப்பு மறந்த நாக்கு சுருக்கென்றது.

“உப்பு சரியா இருக்கா?”

“சரியாத்தான் இருக்கு அண்ணி.”

அண்ணி உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளிப் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டி விளிம்பிலிருந்த டம்ளரில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவள் அதை எடுத்துக் கிண்ணத்தின் ஓரமாக ஊற்றினாள், கொஞ்சம் கொஞ்சமாக.